‘மூன்றடிக் கதவு’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

வீட்டுக்குக் கதவு, நிலை, முகப்புத் தூண் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். முக்கால் பங்கு பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் அலைந்து, கடைசியில் பாதி வேலையை இடித்துத் திரும்பச் செய்தவன் எழுதுகிறேன். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்த மாதிரி செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட அவர் செய்த விதம்தான் உங்களுக்குத் தேவை.

என் கையில் இருந்த விலைப்பட்டியலில் மூன்றே வரிகள். ‘மூன்றடி தேக்குக் கதவு, நிலையுடன் – 4. ஃபிளஷ் கதவு – 2. 12 அங்குல முகப்புத் தூண் – 2.’ அதற்குக் கீழே என் கையெழுத்து. வாயால் பேசியது நிறைய. “எல்லாம் நல்லா காய்ஞ்ச மரம் சார்.” “தூணுக்குள்ள இரும்புக் குழாய் வரும் சார், மேல என்ன பாரம் வேணும்னாலும் வைக்கலாம்.” இதில் ஒன்றுகூடத் தாளில் ஏறவில்லை. பின்னால் சண்டை வந்தபோது அவர் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார். தாளில் எழுதாத ஒவ்வொன்றையும் அவர் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

முதலில் அந்த ‘மூன்றடி’யைச் சொல்கிறேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். மூன்றடி என்றால் 36 அங்குலம், தாராளமாகப் போய் வரலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். வந்தது நிலையின் வெளி அளவு 36 அங்குலம். இரண்டு பக்கமும் நிலைக்கால் இரண்டரை அங்குலம், ஆக ஐந்து போய்விட்டது. மிச்சம் 31. கதவைத் திறந்தால் அது காற்றில் மறைந்துவிடுமா? ஒன்றேகால் அங்குலக் கதவு, நிலையில் அது பதிந்து உட்கார அரை அங்குலக் காடி, அதாவது பள்ளம். 90 டிகிரி திறந்து நிற்கும்போது கதவின் கனம் முக்கால் அங்குலத்தை வழியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆக 30¼. கதவு முகத்தில் இரண்டே கால் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும் கைப்பிடி. அந்த உயரத்தில் உண்மையான வழி 28 அங்குலம்தான். சக்கரத்தைத் தள்ளும் கைக்குப் பக்கத்துக்கு ஓர் அங்குலம். முதல் நாளே அம்மாவின் வலது கை விரல் முட்டிகள் கைப்பிடியில் உரசித் தோல் பிய்ந்தது. “பரவாயில்லப்பா, பழகிக்கிறேன்” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகள் இந்த வழிக்குக் குறைந்தது 32 அங்குலம், அதாவது சுமார் 815 மில்லிமீட்டர் கேட்கின்றன. எப்படி அளப்பது என்றும் அதிலேயே இருக்கிறது: கதவை 90 டிகிரி திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலையில் கதவு வந்து முட்டும் இடம் வரை. எந்த ஊரில் கட்டினாலும் இந்த அளவு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘மூன்றடி’ என்பது சுவரில் விட்ட திறப்பா, நிலையின் வெளி அளவா, உள் அளவா, கதவுப் பலகையின் அகலமா, நடக்கக் கிடைக்கும் வழியா? ஐந்துமே வேறு வேறு எண்கள். கடைக்காரர் எப்போதும் இதில் தனக்கு மலிவானதையே எடுத்துக்கொள்வார்.

அடுத்தது மரம். நிலைகள் வந்து இறங்கியபோதே நான்கு பக்கமும் பிரைமர் அடித்திருந்தது. “பூச்சி வராம இருக்க முன்னாடியே அடிச்சுட்டோம் சார்” என்றார்கள். அக்கறையாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுவரைத் தொடும் பக்கத்துக்கு, நிலையை வைப்பதற்கு முன் மருந்தோ பிரைமரோ அடிப்பது சரியான வேலைதான். ஆனால் நீங்கள் மரத்தைப் பார்க்கும் முன்பே நான்கு பக்கமும் மூடி வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நான்கே மாதத்தில் தெரிந்தது. முன்கதவு தரையில் உரச ஆரம்பித்தது. தாழ்ப்பாள் அதன் குழியில் இறங்கவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டால், “மரம்னா அசையத்தான் சார் செய்யும்” என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தப் பதிலில் ஆட்கள் அடங்கிப் போகிறார்கள். அப்புறம் ஒரு வயதான ஆசாரியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் கதவை இழைக்கவே இல்லை. கிட்டத்தில் போய் நடுப்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பலகை சட்டத்தின் காடிக்குள் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் மெலிதாக ஒரு வெளிறிய கோடு. பாலிஷ் படாத மரம். பலகை சுருங்கி, காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளியே வந்திருக்கிறது. பக்கத்துப் பலகையில் கோடு இல்லை, அதற்குப் பதில் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதைக் காடியில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பலகை காடிக்குள் சும்மா உட்கார வேண்டும், சுருங்கவும் விரியவும் அதற்கு இடம் வேண்டும். ஒட்டிவிட்டால் நகர வழியில்லாமல் பிளக்கும்.

“தம்பி, இது மரம் இல்ல, தண்ணி” என்றார். பையிலிருந்து ஈரமானியை எடுத்து, இன்னும் உறை பிரிக்காமல் மூலையில் கிடந்த நான்காவது நிலையைக் குறுக்கே அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் ஊசியைக் குத்தினார். 24 சதவீதம். வெளித்தோலில் குத்தினால் 15தான் காட்டியது. மேலே காய்ந்து உள்ளே பச்சை. ஈரம் சுமார் 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. வீட்டுக்குள் இருக்கும் மரம் அந்தந்த இடத்துக் காற்றைப் பொறுத்துப் பெரும்பாலும் 8-லிருந்து 14-க்குள் வந்து நிற்கும். அந்த இடைவெளி முழுவதையும் என் கதவு சுவரில் மாட்டப்பட்ட பிறகு கடந்திருக்கிறது. நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மற்றத் திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒரே கட்டையில் ஒரு பக்கம் அதிகமும் ஒரு பக்கம் குறைவுமாக இழுத்து, நிலைக்கால் முறுக்கிக்கொள்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். நிலையின் கீல் பக்கம் நடுவில் எட்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தது.

பிறகு அதே துண்டின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தார். பிரைமர் போனதும் கீழே ஒரு பழுப்புச் சாயம், சாயம் போனதும் வெள்ளை. தேக்கின் பெயர் அதன் வைரத்துக்குத்தான், அதாவது மரத்தின் உட்பக்கத்துக் கெட்டியான பகுதிக்கு. வெளிப்பக்கத்து வெள்ளைக்கு அந்த உறுதி கிடையாது, பூச்சிக்கும் உளுப்புக்கும் சீக்கிரம் இரையாகும். என் நிலையின் பின்பாதி முழுவதும் வெள்ளை. கடைக்காரர் தேக்கு என்று சொன்னது பொய் இல்லை. வைரம் என்று நான் எழுதி வாங்கவில்லை.

கீல்களையும் கழற்றிப் பார்த்தோம். கதவுக்கு மூன்று கீல், அது சரி. ஆனால் திருகுகளைச் சுத்தியலால் அடித்தே இறக்கியிருந்தார்கள். கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புளி. ஆசாரி இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், ஒரு திருகு அப்படியே கையோடு வந்துவிட்டது. அதன் புரிகளுக்கு நடுவே நசுங்கிய நார்தான் இருந்தது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். திருகு இறங்கும்போது சுத்தியல் சத்தம் கேட்டால் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள்.

குளியலறைக்குப் போட்ட ஃபிளஷ் கதவுகளை, அதாவது உள்கட்டை மேல் தட்டையான தகடு ஒட்டிய கதவுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். தரை டைல்ஸ் போட்டதும் கதவு இடித்தது, அடியில் முக்கால் அங்குலம் அறுத்துத் தள்ளினார்கள். ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருந்த கட்டைப் பட்டி அதோடு போய்விட்டது. உள்கட்டை திறந்து கிடந்தது, அதற்கு ஒரு கை பெயிண்ட்கூட அடிக்கவில்லை. இரண்டே மாதத்தில் அடிப்பக்கம் ஊதிப்போய் மேல்தகடு எழும்பி நின்றது. தண்ணீர் படும் இடத்துக்கு ஃபீனால் பசையில் ஒட்டிய கதவு வேண்டும். யூரியா பசை ஈரத்தில் விட்டுவிடும். எந்தக் கதவாக இருந்தாலும் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சேர்த்து ஆறு பக்கமும் பூச்சு வேண்டும். மேல் விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. நாற்காலி போட்டு ஏறி விரலால் தடவிப் பாருங்கள்.

தூண்தான் உயிருக்கு ஆபத்தாகப் போயிருக்க வேண்டியது. கதவு கெட்டால் எரிச்சலோடு போகும். தூண் கெட்டால் கூரை இறங்கும்.

எனக்கு வந்தது ஃபைபர் தூண். ‘12 அங்குலம்’ என்பது அடியில். மரபான தூண் மேலே போகப் போகச் சிறுக்கும், கழுத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்காகும். என் தூணும் அப்படித்தான், கழுத்தில் 10 அங்குலம். மேலே நாங்கள் போட்ட பீம் 12 அங்குல அகலம். நியாயமாக பீமின் முகமும் தூணின் கழுத்தும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். எங்களுடையதில் பீம் இரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே தள்ளி, மெலிந்த கழுத்தின் மேல் பெரிய தலையை வைத்த மாதிரி இருந்தது. எட்டடித் தூணுக்கு ஓரடி அடி அகலம் என்றால் ஒன்றுக்கு எட்டு. பழைய ஐரோப்பியக் கட்டட நூல்களில் விக்னோலா என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரின் கணக்குப்படி அது டோரிக் என்ற தூண் வகையின் அளவு. அவருடைய கணக்கில் டஸ்கனுக்கு 7, அயோனிக்குக்கு 9, இலை வேலைப்பாடு கொண்ட கொரிந்தியனுக்கு 10. எனக்கு வந்தது எட்டு மடங்கு உடம்பில் கொரிந்தியன் தலை. ஏன் குட்டையாகத் தெரிகிறது என்று பல நாள் புரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அழகை விட்டுவிடலாம்.

ஒரு மழைக்குப் பிறகு இடது தூணின் அடியிலிருந்து மேல்நோக்கி முடி கனத்தில் ஒரு கீறல் தெரிந்தது. விரலால் தட்டினால் வெற்றுப் பாத்திரச் சத்தம். ஒரு கட்டட இன்ஜினியரை அழைத்தேன். அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “முதல்ல முட்டுக் கொடுங்க, அப்புறம் பேசலாம்.” பீமுக்கு இரும்பு முட்டுகள் நிறுத்திய பிறகு, தூணின் அடிவளையத்தைச் சுற்றியிருந்த வெள்ளைப் பட்டிப் பூச்சை (புட்டி) சுரண்டினார். வளையம் கழன்றது. மழைத் தண்ணீர் வெளியே ஓட முகப்புத் தரைக்கு அறுபதுக்கு ஒன்று சரிவு கொடுத்திருந்தோம். ஓரடி அகலத்தில் அது ஐந்து மில்லிமீட்டர். தூணின் அடியை அந்தச் சரிவுக்கு ஏற்ப அறுக்காமல், தாழ்ந்த பக்கத்தில் உடைந்த டைல்ஸ் சில்லு ஒன்றைச் செருகி, பட்டி பூசி, மேலே வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். குழாய் இல்லை. ஒன்றுமே இல்லை. மேலே இருந்த கான்கிரீட் முழுவதும் அந்த ஃபைபர் கூட்டின் ஒரு விளிம்பிலும் ஒரு டைல்ஸ் சில்லிலும் நின்றுகொண்டிருந்தது. அதன் கீழேதான் அம்மா தினமும் மாலையில் நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார்.

ஃபைபர் தூண்களில் பாரம் தாங்கும் வகையும் உண்டு என்று இன்ஜினியர் விளக்கினார். அதற்கும் நிபந்தனை இருக்கிறது: பாரம் தூணின் நட்ட நடுவில் இறங்க வேண்டும், மேலும் கீழும் சுற்றளவு முழுவதும் படிந்து உட்கார வேண்டும், தலையின் துருத்திய அலங்காரத்தின் மேல் எடை ஏறக்கூடாது. அதற்கு மேல் எவ்வளவு எடை தாங்கும் என்பதைத் தயாரித்தவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத தூணை வெறும் உறையாக மட்டும் கருதுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அடித்தகட்டோடு இரும்புக் குழாய் நிற்கிறது, துருத் தடுப்புப் பூச்சு பூசி, அடியில் தண்ணீர் வெளியேற வழி விட்டு. அதைச் சுற்றி இரண்டு பாதியாகச் சேர்த்த புதிய உறை.

கடைக்காரரிடம் பணம் திரும்பவில்லை. இரண்டு நிலைகளை மட்டும் மாற்றித் தந்தார், அதுவும் ஈரமானியோடு ஆசாரியை அழைத்துப் போய் நின்ற பிறகு. தூணைப் பற்றிக் கேட்டால் இன்றுவரை, “தாள்ல குழாய்னு போட்டிருக்கா சார்?” என்பதுதான் பதில்.

அம்மாவின் அறைக் கதவை மாற்ற இந்த வாரம்தான் புதிய ஆர்டர் எழுதினேன். ஒரே ஒரு கதவுக்கு ஒரு பக்கம் முழுக்க வந்தது. கதவை 90 டிகிரி திறந்து வைத்தால் கைப்பிடி முனையிலிருந்து எதிர் நிலை வரை 33 அங்குல வழி. இழைத்து முடித்த பின் நிலையின் அளவு என்ன, எந்தப் பக்கம் கீல், எந்த அறைக்குள் திறக்கும் என்று ஒரு கைப்படம். வைரம் மட்டும், வெள்ளை கூடாது. அறுத்த முகத்தின் நடுவில் ஈரம் 12 சதவீதத்துக்குள். நான் பார்க்கும் முன் பிரைமர் அடிக்கக்கூடாது. கடைசித் தவணை, பூட்டு மூன்று மாதம் தடையில்லாமல் விழுந்த பிறகு. ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். உயரம் எழுதிய வரி வந்ததும் விரலை அங்கேயே வைத்து, “இந்த உயரம் டைல்ஸ் போட்ட தரையிலிருந்தா தம்பி, போடறதுக்கு முன்னாலயா?” என்று கேட்டார். பேனாவை எடுத்து அதையும் சேர்த்தேன்.