தென்னைக்கு வேர் மருந்து என்று 2,80,000 கியாட்டைப் பறித்துவிட்டார்கள்: குருத்தழுகல் கண்டவர்கள் ஏமாறாதீர்கள்

பர்மாவில் கொல்லையில் தென்னை வைத்திருக்கும் நம் தமிழர்கள், முக்கியமாகத் தன்லின், பெகு பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். முகநூலில் விவசாய மருந்து விற்கும் ஒரு பக்கத்திடம் 2,80,000 கியாட்டைப் பறிகொடுத்துவிட்டு, வயிறெரிந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தென்னைகள் என் மாமனார் கையால் வைத்தவை. வீட்டுக்கு எடுத்ததுபோக மிஞ்சும் காயை அக்கம்பக்கத்துப் பர்மியக் குடும்பங்கள் மகாகீரி என்னும் வீட்டுக் காவல் தெய்வத்துக்குக் கட்டித் தொங்கவிடக் காம்போடு கேட்டு வாங்கிப்போவார்கள். இந்த மழையில் கிணற்றடி மரத்தின் நடுக்குருத்து வெளிறிச் சாய்ந்தது. என் மகன் ஏறிப் பிடித்தான். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் கூழாகியிருந்தது. செத்த எலியின் நாற்றம். சுற்றியுள்ள மட்டைகள் மட்டும் பச்சையாகவே இருந்தன.

மருந்து தேடியபோது அந்தப் பக்கத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. நான் பர்மிய மொழியில்தான் விசாரித்தேன். எதிர்முனையில் இருந்த பையன் சட்டென்று தமிழுக்கு மாறினான். "வணக்கம் அக்கா, பேச்சைக் கேட்டதுமே நம்மவர் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஊர் மோல்மீன். உங்கள் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள்." குருத்தின் படத்தை அனுப்பினேன். பார்த்த மாத்திரத்தில், "இது குருத்தழுகல் அக்கா, மழைச்சாரலில் மரத்துக்கு மரம் பரவும்" என்றான். அது உண்மைதான். நோயைச் சரியாகச் சொல்பவன் மருந்தையும் சரியாகத் தருவான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வேரைச் சாய்வாக நறுக்கி மருந்துப் புட்டிக்குள் விட்டுக் கட்டினால் செத்த மரமும் பதினைந்தே நாளில் துளிர்க்கும் என்றான். நல்ல மரங்களுக்கும் சேர்த்துப் பத்துப் புட்டி, 2,80,000 கியாட். "பணத்தைப் போடுங்கள் அக்கா, இன்று மாலை பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறேன்."

புட்டிகள் வந்தன. தென்னை மரப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன மருந்து, யார் செய்தது, பதிவு எண் என்ன, ஒரு எழுத்துக்கூட இல்லை. திறந்தால் புளித்த வெல்லத்தின் வாடை. அவன் சொன்னபடியே கட்டினோம். கிணற்றடி மரம் துளிர்க்கவில்லை. அதற்குள் அடுத்த மரத்தின் குருத்தும் சாய்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் தம்பியின் உண்மை முகம் தெரிந்தது. முதலில், "மழை அதிகம் அக்கா, மருந்து ஏற நாளாகும்." பிறகு, "வேரை நீங்கள் சரியாக நறுக்கவில்லை." அதன்பின் இரண்டாம் தவணை வாங்கினால்தான் முதல் தவணை வேலை செய்யுமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டேன். புட்டியைத் திறந்துவிட்டீர்களே, இனி எப்படித் திருப்புவது என்கிறான். திறக்காமல் மருந்தை எப்படிக் கட்டுவது? ஒருநாள் வேறொரு பெண் எடுத்து, அப்படி ஒரு பையனே இங்கே வேலை செய்யவில்லை என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு வைத்தாள். இப்போது என் எண்ணையே அடைத்துவிட்டார்கள். தங்கையின் கைப்பேசியில் பார்த்தால், நான் அனுப்பிய என் மரத்தின் படத்தையே "சிகிச்சைக்கு முன்" என்று போட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் 2,80,000 கியாட் போதவில்லை, என் மரத்தையும் காட்டி அடுத்தவர் பணத்தைப் பறிக்கிறார்கள்.

விவசாய இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்துச் சொன்னதைக் கேளுங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது முழுக்க அழுகிவிட்டால் வேரில் எதைக் கட்டினாலும் மரம் திரும்பாது. குருத்து வாடத் தொடங்கியதுமே கண்டுகொண்டால், அழுகலைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவி, புதுக் குருத்து வரும்வரை மழை படாமல் மூடிவைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். செத்த மரத்தின் கொண்டையை வெட்டி எரித்துவிட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கோதாவரிப் பக்கம் பனைமரங்களை இதே நோய் தாக்கியபோதும் கொண்டையை வெட்டி எரித்துத்தான் தடுத்தார்களாம். அந்தப் பையனை நம்பிக் காத்திருந்த நாட்களில்தான் எங்கள் இரண்டாவது மரம் போனது. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை, அவசரமாக:

செத்த மரம் பிழைக்கும் என்று எவன் சொன்னாலும் ஒரு கியாட்கூட அனுப்பாதீர்கள். இந்த நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூச்சிமருந்தைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும். பதிவு எண் இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். தமிழில் பேசுகிறான் என்பதற்காக முன்பணம் போடாதீர்கள்.

மற்ற மரங்களைக் காக்க, மழைக்கு முன்பே 1 சதவீதப் போர்டோ கலவையைக் கொண்டையில் தெளியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

அதே பக்கத்திடம் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதை அழித்துவிடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள். போலீஸுக்கு நான் தனியாகப் போவதைவிட நாலு பேராகப் போனால் புகாரை வாங்குவார்கள்.