சீபாப் பழகுவது: மெசினுக்குக் கொஞ்சம், மாஸ்க்குக்கு நிறைய யோசியுங்கள்

நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது, சீபாப் (CPAP) என்கிற மூச்சு மெசின் போட வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் தொடங்குகிற முதல் வாக்குவாதம் எந்த மெசின் என்பதுதான். ரெஸ்மெட்டா, பிலிப்ஸா, சீனத் தயாரிப்பா? லண்டனில் இருக்கிற மச்சான் ஒன்று சொல்வார், தெகிவளைச் சித்தப்பா இன்னொன்று சொல்வார். அந்த நேரத்தில் முக்கால்வாசியை மாஸ்க் பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் கணிப்பு. எந்த மெசினாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: காற்றைத் தள்ளி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைத்திருப்பது. 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்கிற டொக்டர் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தபோதே அந்த வேலை நடந்துவிட்டது. தொல்லை கொடுத்தது மூக்கோடு பொருத்துகிற இடம்தான். ஆரம்ப நோயாளிகளுக்கு மாஸ்க்கைப் பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கும் மெசினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், குறை பெரும்பாலும் மாஸ்க்கைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்று மாஸ்க், மூன்று குணம்

மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத் துவாரத்தில் இரண்டு சிலிக்கன் மொட்டுகள் வந்து உட்காருவது இன்னொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் சொல்வது மூக்கு மாஸ்க். எல்லா அழுத்தத்துக்கும் தாக்குப்பிடிக்கும், கொஞ்சம் அசைந்து படுத்தாலும் கழன்று போகாது. மூக்குத் தண்டில் தழும்பு விழும், கண்ணுக்குள் காற்றடிக்கும் என்பவைதான் அதன் வழக்கமான குறைகள். இரண்டுக்குமே பெரும்பாலும் காரணம் பட்டியை இறுக்கிக் கட்டுவது. கண்ணாடிக்கு முன் நின்று மாட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். படுத்ததும் கன்னச் சதை பின்னால் போய், மாஸ்க்கின் இருப்பே மாறிவிடும். ஆகவே படுத்துக்கொண்டு, மெசினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். சிலிக்கன் விளிம்பு காற்றில் உப்பித் தானாகவே தோலில் படியும். அதன் பிறகு, காற்றுக் கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் பட்டியை இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் விளிம்பு மடிந்து கசிவு கூடும்.

கடைக்காரர் சொல்லாத விசயம் ஒன்று உண்டு, எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் பட்டி வழுக்கும். முகக் கிறீம் பூசினால் சிலிக்கன் ஒட்டாது, சீக்கிரம் பழுதாகியும் விடும். எண்ணெயைக் காலைக்கு மாற்றுங்கள், படுக்கப் போக முன் முகத்தைச் சோப் போட்டுக் கழுவுங்கள். மாஸ்க்கின் மெத்தைப் பகுதியைத் தினமும் காலையில் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து பட்டால் ரப்பர், சிலிக்கன் எதுவும் நீடிக்காது.

மொட்டு மாஸ்க் பாரமே இல்லாதது. போட்டபடியே கண்ணாடி அணிந்து புத்தகம் வாசிக்கலாம், பக்கவாட்டில் படுக்கலாம், மூச்சு முட்டுகிற பயம் உள்ளவர்களுக்கு முகம் திறந்தே இருப்பது பெரிய ஆறுதல். எயார்ஃபிட் பி10 போன்ற சிலவற்றில் ஒரே பெட்டிக்குள் மூன்று அளவு மொட்டுகளும் வருவதால் அளவு பிழைத்துக் காசு வீணாகிற சிக்கலும் குறைவு. தாடிக்காரருக்கு இதுதான் நல்லது. ஆனால் முதல் ஓரிரு கிழமை துவாரம் புண்ணாகலாம். அழுத்தம் கூடக் கூட, குழாயிலிருந்து மூக்குக்குள் நேரே பீச்சுகிற மாதிரி இருக்கும். அழுத்தம் அதிகம் தேவைப்படுகிறவர்களில் பலர் திரும்பவும் மூக்கு மாஸ்க்குக்கே வருகிறார்கள். மூக்குத்தி போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மொட்டு மாஸ்க்கில் உள்பக்கத் திருகாணி உரசும், மூக்கு மாஸ்க்கில் மேல்பக்கக் கல்லும் சில வேளை விளிம்பில் தட்டும். இரவில் கழற்றி வைப்பது ஒன்றுதான் வழி. எங்கள் மாமி ஒருவர் அதற்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்று நின்றார். கடைசியில் தட்டையான சிறு மூக்குத்தி ஒன்றைச் செட்டியார் தெருவில் செய்வித்துப் போட்டுக்கொண்டார், மூக்கு மாஸ்க்கோடு அது ஒத்துப்போகிறது.

முழு மாஸ்க்கைத்தான் இங்கே பலருக்கு முதலில் கையில் கொடுக்கிறார்கள். “நான் வாயால் மூச்சு விடுகிறவன்” என்று நோயாளி சொன்ன உடனே பெட்டி வந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. வாயால் மூச்சு விடுகிறவர்களில் நிறையப் பேருக்கு மூக்கடைப்பு அல்லது தொண்டை அடைப்புத்தான் காரணம். மூக்கை உப்புநீர், டொக்டர் தருகிற ஸ்பிறே ஆகியவற்றால் சீராக்கி, தொண்டையை மெசின் திறந்து வைத்தால், பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும். முழு மாஸ்க் போடுகிறவர்களுக்குத் தேவைப்படும் அழுத்தம் கூடுகிறது, அவர்கள் அதைப் போட்டிருக்கும் நேரம் குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பட்டி தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதும் அதற்கு ஒரு காரணம். மூக்குத் தண்டு வளைந்தவர்கள், மூக்கில் சதை வளர்ந்தவர்கள், எப்போதும் தடிமனோடு இருப்பவர்கள் ஆகியோருக்கு இது வேண்டித்தான் இருக்கும். மற்றவர்களுக்கு இது இரண்டாவது தெரிவு. வாயைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுகிற வீடியோக்களை நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளின் பட்டிக் கொளுவியில் காந்தம் இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர், மூளையில் உலோகக் கிளிப் உள்ளவர், அல்லது பக்கத்தில் படுக்கிறவருக்கு இவற்றில் ஒன்று இருந்தால், காந்தம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். உற்பத்தியாளர்களே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள்.

நிலையான அழுத்தமா, ஓட்டோவா

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அழுத்தத்தில் ஓடுவது விலை குறைவு. ஓட்டோ, தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க வைத்து அழுத்தத்தைக் கணித்துத் தந்திருந்தால் நிலையானதே போதும். அப்படிச் செய்யாதவர்களுக்கு ஓட்டோ வசதி. இதய பலவீனமோ, நுரையீரல் நோயோ இருந்தால் ஓட்டோ பொருந்தாமல் போகலாம் என்பதால் அதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டோவின் அழுத்த எல்லையைக் கடையிலிருந்து வந்தபடியே 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் அளவில்) என்று விட்டுவிடுவதுதான் பெரிய பிழை. 4இல் பலருக்குக் காற்றுப் போதாது, மூச்சு வாங்கும். “மெசின் போட்டால் மூச்சு முட்டுகிறது” என்று எறிந்துவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, அழுத்தம் கூடியது அல்ல, குறைந்ததுதான் பிரச்சினை. கீழ் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள்.

ஏசி அறையா, ஃபேன் அறையா

வெளிநாட்டு அறிவுரைகள் கொழும்பில் தடுமாறுகிற இடம் இதுதான். குளிர் நாட்டில் காற்று வரண்டது, ஆகவே காற்றை ஈரமாக்க மெசினோடு வருகிற தண்ணீர்த் தொட்டியும் சூடேற்றியும் அங்கே அவசியம். வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்து, ஃபேன் போட்டுப் படுக்கிறவருக்கு உள்ளே போகிற காற்றே 27, 28 பாகையில், போதிய ஈரத்தோடு இருக்கிறது. அவர் சூடேற்றியை மிகக் குறைவாக வைக்கலாம், சில இரவுகளில் நிறுத்தியும் விடலாம். மூக்கு வரளவில்லை என்றால் பிறகென்ன? சூடேற்றியைக் கூட்டி வைத்தால் முகத்தில் வெந்நீராவி பிடிப்பது போலிருக்கும், வியர்வையில் மாஸ்க் வழுக்கும்.

ஏசி அறையின் கதை வேறு. காற்று வரண்டு போகும், விடியும்போது தொண்டை காய்ந்திருக்கும், ஆகவே ஈரம் தேவை. ஆனால் ஏசியை 20இல் வைத்துவிட்டுச் சூடேற்றியையும் கூட்டினால், சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராக மாறி, நள்ளிரவில் களகளவென்று சத்தம் போட்டு, மூக்கில் தெறிக்கும். அப்படி எழும்பினவர் மாஸ்க்கைத் திரும்பப் போடுவது கடினம். ஏசியை 25, 26க்கு உயர்த்துங்கள், மெசினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாய்க்கு மேல் துணியுறை போடுங்கள். சூடேறும் குழாய் வாங்க வசதி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும். என் தராசில், மெசினின் மேல்ரக மொடலுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசை விட இந்தக் குழாய்க்குக் கொடுக்கும் காசு பெறுமதியானது.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. கொதித்தாறின குழாய்த் தண்ணீர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. தொட்டியில் வெள்ளைப் படிவு ஏறும். ஓரிரு நாள் சமாளிக்கலாம். பெற்றோல் செட்டில் வாகனப் பற்றரிக்கு விற்கிற தண்ணீர் மூச்சுக்கென்று தயாரிக்கப்படுவதில்லை, அதை விட்டுவிடுங்கள். எந்தத் தண்ணீரானாலும் காலையில் ஊற்றிவிட்டு உலர வையுங்கள். எங்கள் சூட்டில் பூஞ்சணம் ஒரு நாளையும் வீணாக்காது.

புதிதா, சூட்கேஸில் வந்ததா

“தம்பி, மகள் கனடாவில இருந்து அனுப்பினவ. அவளின்ர மாமனார் கொஞ்ச நாள்தான் பாவிச்சவராம், புதுசு மாதிரித்தான் இருக்கு.” கொட்டாஞ்சேனைப் பக்கத்து அங்கிள் ஒருவர் இப்படிச் சொல்லி ஒரு பையை நீட்டினார். இந்தப் பை எங்கள் ஆட்களின் வீடுகளில் அபூர்வமில்லை. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன், புதிது வாங்குகிற காசு எல்லாரிடமும் இல்லை. ஆனால் பையைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மொடலும் வருடமும். 2021 ஜூனில் பிலிப்ஸ், ட்ரீம்ஸ்டேஷன் உட்பட பல மொடல்களைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்பதுதான் காரணம். அங்கே திரும்ப அழைக்கப்பட்டது இங்கே அன்பளிப்பாக வந்து சேரக்கூடாது. அடுத்தது, அதில் இருப்பது மாமனாரின் அழுத்தம், உங்களுடையது அல்ல. டொக்டரிடம் கொண்டுபோய் மாற்றாமல் ஓர் இரவு கூடப் போட வேண்டாம். மாஸ்க், குழாய், தொட்டி, வடிகட்டி நான்கையும் புதிதாக வாங்குங்கள். மின்சாரம் பிரச்சினையில்லை, பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் மட்டும் பொருந்தாது. தளதளக்கிற அடப்டரில் இரவு முழுக்க ஓடவிடாமல், இங்கத்தைய பின்னோடு சரியான வயர் ஒன்று வாங்கிவிடுங்கள். புதிது வாங்கினால் கிடைக்கிற உண்மையான இலாபம், கூப்பிட்டால் வந்து மாஸ்க் அளவு பார்க்கிற ஓர் ஆள். அப்படி ஆள் தராத கடையில் புதிது வாங்குவதற்கும் சூட்கேஸில் வந்ததற்கும் வித்தியாசம் குறைவு.

பல் கருவியைப் பற்றியும் கேட்பார்கள். கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி வைக்கிற அது, மணித்தியாலத்துக்கு 30 தடவைக்குக் கீழே மூச்சுத் தடைப்படுகிற இலேசான, நடுத்தர நிலையினருக்கு ஒரு நல்ல தெரிவு. 30ஐத் தாண்டியவர்களுக்கு முதல் தெரிவு சீபாப்தான்.

ஒரே மூச்சிலா, படிப்படியாகவா

மூச்சு முட்டுகிற பயம் இல்லாதவர் முதல் இரவே முழுதாகப் போட்டுப் படுக்கலாம். பயம் உள்ளவர் பின்னேரம் தொலைக்காட்சி பார்க்கும்போது, உட்கார்ந்தபடி, மெசினை ஓடவிட்டுப் போட்டுப் பழகுவது நல்லது. மூளைக்கு அது ஒரு சாதாரணப் பொருளாகிவிட வேண்டும். அமெரிக்கக் காப்புறுதியில் இரவுக்கு 4 மணித்தியாலமாவது, 70 வீதமான இரவுகளில் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது காசு கொடுப்பதற்கான கோடு, உடம்புக்கான கோடு அல்ல. கனவு வருகிற நித்திரை விடியற்காலையில்தான் கூடுதல், பலருக்கு மூச்சுத் தடையும் அப்போதுதான் மோசம். 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு “நான் போடுகிறேன்தானே” என்கிறவர், தேவையான நேரத்தில்தான் அதைக் கழற்றியிருக்கிறார்.

கரண்ட் போகிற நாளுக்கு

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. நல்ல காலம், அது பகல். கணினிக்கு வைக்கிற யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும், போதாததற்குக் கூவிக் கூவி எழுப்பும். வீட்டு இன்வேட்டர் இருந்தால் அதுவே சிறந்தது. தனியாகப் பற்றரி வாங்குவதாக இருந்தால் மெசினின் வோல்டேஜைப் பாருங்கள்: ரெஸ்மெட்டின் எயார்சென்ஸ் 10 மெசினுக்கு 24 வோல்ட் வேண்டும், கார்ப் பற்றரி 12தான், இடையில் மாற்றி தேவை. பற்றரியில் ஓடும்போது சூடேற்றியை நிறுத்திவிடுங்கள், மின்சாரத்தைக் குடிப்பது பெரும்பாலும் அதுதான். ஒன்றுமே இல்லாத இரவில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுங்கள்.