கென்ய கிராமத்துக்குத் துணியா, பணமா?

கென்ய கிராமம் ஒன்றுக்கு அனுப்ப, மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பில் மூன்று மூட்டை துணி சேர்த்தோம். பிரித்தால் ஜரிகை போன பட்டுப்பாவாடை, ஜிப் அறுந்த ஜீன்ஸ், ஒற்றைக் கால் சாக்ஸ்! தரம் பிரிக்கவே இரண்டு ஞாயிறு போனது. அப்புறம் கப்பல் கூலி, சுங்கம். போய்ச் சேர்ந்தாலும், அங்கே ‘மிட்டும்பா’ எனும் வெளிநாட்டுப் பழந்துணி சந்தை சந்தையாகக் குவிந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழந்துணி சாலையோரம் கிடந்ததே, அதே கதைதான்.

பணம் என்றால், 2007இல் அங்கே தொடங்கிய எம்-பெசா எனும் கைபேசிப் பணச் சேவை வழியாகக் கிராமத்தினரின் கைபேசிக்கே போய்விடும். விதையா, பள்ளிச் சீருடையா, அவர்களே முடிவு செய்வார்கள். உள்ளூர் தையல்காரருக்கும் வேலை. நம் வீட்டு அலமாரி காலியாகாது, அது ஒன்றுதான் குறை. என் ஓட்டு பணத்துக்கே. சரி, தேறிய துணிகளை? இங்கேயே கிராமங்களுக்குத் துணி கொண்டுசெல்லும் கூஞ்ச் அமைப்புக்குக் கொடுக்கலாம், துவைத்து, பட்டன் தைத்து.