லண்டன் ஈஸ்ட் ஹாமில் அறை தேடும் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் ஒன்று வந்தது. "இல்ஃபோர்டு ஸ்டேஷன் பக்கத்தில் சிங்கிள் ரூம். தமிழ்ப் பசங்களுக்கு மட்டும். நம்ம ஊர்ச் சாப்பாடு. 2 மாத அட்வான்ஸ்." கூடவே சமையலறைப் படம். அடுப்பில் இருந்த குக்கரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கைப்பிடி உடைந்து, செம்புக் கம்பி சுற்றிய குக்கர். கம்பி சுற்றியவனே நான்தான்.

2022 ஆகஸ்ட். லண்டனில் படிக்கக் கரூரில் விசாவுக்குக் காத்திருந்தேன். கல்லூரி விடுதி வாடகையைக் கேட்ட அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. வெளியில் அறை தேடலாம் என்றபோது இப்படியொரு குழுவில்தான் அறை தருவதாகச் சொன்ன ஒரு அண்ணன் கிடைத்தார். திருச்சிப் பக்கம். ஃபோனில் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். "தம்பியை என் தம்பி மாதிரி பாத்துக்கிறேம்மா" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறையைப் பிடித்துவைக்க அண்ணன் 20,000 ரூபாய் கேட்டார், திருச்சியில் இருக்கும் மாமியார் கணக்குக்கு. முதல் வாடகையில் கழித்துக்கொள்வேன் என்றார்.

செப்டம்பரில் இறங்கினேன். ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லி லைன், பாரன்ஸ் கோர்ட்டில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறி ஈஸ்ட் ஹாம். அண்ணன் ஸ்டேஷன் வாசலில் நின்று பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் சுடுசோறும் கோழிக் குழம்பும் தயாராக இருந்தன. இன்றைக்கு நினைத்தாலும் நல்ல குழம்பு. லண்டனில் நான் சாப்பிட்டதிலேயே விலை கூடிய சாப்பாடும் அதுதான்.

கை கழுவியதும் கணக்கு. வாடகை மாதம் 450 பவுண்டு. 2 மாத அட்வான்ஸ் 900. ஆக 1,350, ரொக்கமாக. 20,000 ரூபாயைக் கழிக்கச் சொன்னால், "அது புக்கிங் தம்பி, அது வேற" என்றார். ரசீது கேட்டேன். சிரித்தார். "நம்ம ஊர்ப் பையனை ஏமாத்திட்டு நான் எங்க போகப்போறேன்?" அதற்கு மேல் கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரரிடம் 1,350 பவுண்டைக் காகிதமில்லாமல் கொடுத்திருப்பேனா? மாட்டேன்.

3 படுக்கையறை வீடு. ஹாலையும் தடுத்து 7 பேர் இருந்தோம். மாடிப்படிக்கு மேலே இருந்த பாக்ஸ் ரூம் எனக்கு. கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். பல மாதம் கழித்து டேப் வைத்து அளந்தேன், 5.5 சதுர மீட்டர்கூட வரவில்லை. பலர் பகிர்ந்து வாழும் உரிமம் பெற்ற வீடுகளில் ஒரு பெரியவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது இங்கே சட்டம். அதுகூடப் பரவாயில்லை, தூக்கம் வந்தது.

கவனித்திருக்க வேண்டியது வேறு. மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரி கேட்டபோது, "இந்த அட்ரஸை எங்கேயும் கொடுக்காதே" என்றார் அண்ணன். யாராவது கதவைத் தட்டினால் திறக்க வேண்டாம், நாங்கள் எல்லாரும் கசின் என்று சொல்ல வேண்டும். வாசலில் விழும் கடிதங்களை, அதுவும் கவுன்சிலிலிருந்து, அதாவது நம்மூர் நகராட்சி மாதிரியான அலுவலகத்திலிருந்து வருபவற்றை, பிரிக்காமல் ஒரு பையில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப்போவார். கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டு வரி என்று தலைக்கு 35 பவுண்டு மாதாமாதம் தனியாக. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பகுதிநேரமாக நான் வேலை பார்த்த மளிகைக் கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில் வீட்டுக் கதையைச் சொன்னேன். மீன் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு துண்டு எழுதி வாங்கேல்லையோ தம்பி?" இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவுதான் வயிற்றைப் பிசைந்தது.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஒரு பெரியவரும் அவர் மகளும் சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். 7 ஜோடி செருப்பைப் பார்த்து அந்தப் பெண் வாயில் கை வைத்தார். வீட்டுக்காரர் அந்தப் பெரியவர்தான். நம் அண்ணன் அங்கே வாடகைக்காரர். மனைவி, 2 குழந்தை என்று சொல்லி ஒப்பந்தம் போட்டு எடுத்த வீட்டை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். எங்களிடம் வசூல் செய்தார், பெரியவருக்கு 4 மாதமாகக் கொடுக்கவில்லை. நான் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், மணி அடித்தது. இரண்டாவது தடவை அடிக்கவில்லை. பெரியவர் கத்தவில்லை, மாதக் கடைசி வரை இருங்கள் என்றார். நாங்களும் மாதக் கடைசியில் ஆளுக்கொரு பக்கம் போனோம். சாமான்களை எடுக்க யாரோ வந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். குக்கர் அப்போதுதான் போயிருக்க வேண்டும்.

கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு பெண்மணி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். அட்வான்ஸ் 5 வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, 2019 முதல் சட்டம். என் வாடகைக்கு அது 519 பவுண்டு. அறையைப் பிடித்துவைக்க வாங்கும் பணம் அதிகபட்சம் ஒரு வார வாடகை, அதாவது சுமார் 104 பவுண்டு. வாங்கிய அட்வான்ஸை 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, விவரத்தை நமக்கு எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தொகையைப் போல 3 மடங்கு வரை நீதிமன்றம் அபராதம் வாங்கித்தரலாம். கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம். அப்புறம் அவர் கேட்டார்: "அவருடைய முகவரி என்ன?" எனக்குத் தெரிந்த ஒரே முகவரி நான் இருந்த வீடுதான்.

சரி, 5 பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து இருக்கும் வீட்டுக்கு உரிமம் வேண்டுமே, அது இல்லாததற்கு வாடகையைத் திரும்பக் கேட்கலாமே என்றேன். கேட்கலாம், ஆனால் அப்போதிருந்த சட்டப்படி நேரடியாக நமக்கு வாடகைக்கு விட்டவரிடம் மட்டும்தான், அவருக்கு மேலே இருக்கும் வீட்டுக்காரரிடம் முடியாது என்று 2023 மார்ச்சில்தான் இங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆக, மறுபடியும் அண்ணன். மறுபடியும் முகவரி.

900 பவுண்டு என்றால், அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.50 பவுண்டில் 95 மணி நேரம். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஏறக்குறைய 5 வாரம் மீன் வெட்டிய காசு. வீட்டில் இன்று வரை சொல்லவில்லை. அம்மா இப்போதும் "அந்த திருச்சித் தம்பி நல்லா இருக்காரா?" என்று கேட்பார்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை இங்கிலாந்தின் நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்போது 3 பவுண்டு, இப்போது 7. கரூரில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். வீட்டுக்கு உரிமம் உண்டா என்பது கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் இருக்கும், அதற்குக் காசே இல்லை. பணம் கேட்பவரின் பெயரும் பதிவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், இருவருக்கும் இடையிலான காகிதத்தைக் கேளுங்கள். ரொக்கம் மட்டும்தான் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும். முதல் 2 வாரம் சுமாரான ஹாஸ்டலில் தங்கி, அறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது 900 பவுண்டைவிட மலிவு.

நேற்று அந்த விளம்பரத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி போட்டேன்: "வீட்டுக்காரர் பெயர் என்ன அண்ணா?" 2 நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.