கணினிச் சுருளின் கீச்சொலி: குழல் வைத்துக் கேட்பதா, சுமையை மாற்றிப் பார்ப்பதா?

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கணினி கீச்சிடத் தொடங்கியபோது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உயர்ந்த கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பியதால், அது எங்கிருந்து வருகிறது என்று வெறும் காதால் பிரித்தறிய முடியவில்லை. மின்னோட்டம் விரைந்து ஏறி இறங்கும்போது மின்தூண்டிகள் எனப்படும் கம்பிச் சுருள்கள் அதிர்வதே இவ்வொலிக்குக் காரணம்.

தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் திறந்த பெட்டியின் அருகிலும், மின்விசிறியில் படாமல், வைத்துக் கேட்பது எளிது, செலவும் இல்லை. ஆனால் இத்தகைய சுருள்கள் உள்ள கிராபிக்ஸ் கார்டும் (திரைக்காட்சியை உருவாக்கும் அட்டை) பவர் சப்ளையும் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி) ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் குழல் ஏமாற்றிவிடும்.

சுமையை, அதாவது கணினி செய்யும் வேலையின் அளவை, மாற்றிப் பார்ப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். விளையாட்டின் மெனுத் திரையில் நொடிக்குப் பல நூறு சட்டங்கள் (frames, திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும்போது உரத்து ஒலிப்பது, அதை 60 ஆகக் குறைத்தவுடன் அடங்கினால், சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மீது விழும். எனினும், அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் சுமையும் அப்போதே குறைவதால், இதை மட்டும் நம்பிப் புதிய கார்டு வாங்குவது தவறு. எனக்கும் ஒலி அவ்வாறே அடங்கியது. ஆயினும் உறவினரிடம் இரவல் வாங்கிய பவர் சப்ளையைப் பொருத்திய பின்பு, அதே மெனுத் திரையில் மின்விசிறியின் இரைச்சல் மட்டுமே கேட்டது.