ஹெம்ப் விதை: இரண்டு வருஷமும் ஒரு காறல் வாடையும்

கீழ்வீட்டுப் பெண் போன வாரம் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, நீங்க தயிர்சாதத்துல தூவுவீங்களே, அந்த ஹெம்ப் விதை ஆஃபர்ல வந்திருக்கு. வாங்கட்டுமா?" மாடிப்படியில் நின்றபடியே அரை மணி நேரம் பேசியும், வாங்காதே என்றேனே தவிர, காரணத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போதை ஏறுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏறாது. தினமும் சாப்பிடுகிறேன், மத்தியானத் தூக்கம்கூடக் கூடவில்லை. கஞ்சா இனத்துச் செடிதான், ஆனால் போதைப் பொருள் பூவிலும் அதன் பிசினிலும் இருக்கிறது, விதைக்குள் இல்லை. அறுவடையில் தோல்மீது ஒட்டும் பிசின்தான் சிக்கல். 2021 நவம்பரில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இதை உணவாக ஏற்றபோது, கிலோ விதையில் டிஹெச்சி, அதாவது அந்தப் போதைப் பொருள், 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. எனவே உரிமம் எண் அச்சிட்ட பொட்டலம் மட்டும். பறவைத் தீனி, விதைப்புக்கு வைத்தது என்று எவராவது மலிவாகக் கொடுத்தால் வேண்டாம். என் தங்கை வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். அங்கே போதைப் பரிசோதனை உண்டு என்பதால் அவர் தட்டில் மட்டும் தூவுவதில்லை. வெளிநாட்டுக்கும் எடுத்துப் போக மாட்டேன். கசகசாவுக்கே துபாயில் தடை.

பெயரில் ஒரு விபரீதம் இருக்கிறது. வாங்கும் செயலியில் இதைச் 'சணல் விதை' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். "சணப்பு விதையா? வயலுக்கு வாங்கினது ரெண்டு படி கிடக்கே, அனுப்பவா?" என்றாள். பதறிப்போனேன். உழுது மடக்கும் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பு முற்றிலும் வேறு செடி. கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அதன் விதையில் உண்டு. தமிழ்ப் பெயரைச் சொல்லி நாட்டுமருந்துக் கடையில் கேட்காதீர்கள்.

சரி, என் தீராத புகாருக்கு வருகிறேன். காறல்.

தோல் உரித்த விதையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. அதுவும் காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் கெடும் வகை. பொட்டலத்திலோ 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மே மாதச் சென்னைச் சமையலறையில் குளிர்ந்த இடம் எது, உலர்ந்த இடம் எது? முதல் பொட்டலத்தை மசாலா டப்பாக்களோடு வைத்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் புதிதாக வார்னிஷ் அடித்த கதவின் வாடை. வெள்ளையும் இளம்பச்சையுமாக இருந்த பருப்பு மஞ்சளித்துவிட்டது. ஒன்றை மென்று பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் கசப்பு நின்றது. இரண்டாவது பொட்டலம் பிரித்த அன்றே அதே வாடை. விற்றவர்களிடம் சொன்னதற்கு "அது இயற்கையான மண்வாசனை மேடம்" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எண்ணெய் ஆட்டிச் சாப்பிடுகிறோம். காறல் எது, மண்வாசனை எது என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம் கற்றுக்கொண்டேன். பேக் செய்த தேதி பார்ப்பது, கால் கிலோவுக்கு மேல் வாங்காமல் இருப்பது, பிரித்ததும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது. சூடான எண்ணெயில் போடுவதில்லை, இறக்கியபின் தூவுவதோடு சரி.

அளவிலும் ஒருமுறை அடிபட்டேன். ஆர்வத்தில் முதல் நாளே நாலு மேஜைக்கரண்டி. மறுநாள் ஆபீசுக்கு லீவு, காரணம் வயிறு. பிறகு ஒரு டீஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டி இப்போது இரண்டு மேஜைக்கரண்டியில் நிற்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் மாமனாருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். தோல் உரிக்காத விதையை வாங்கி, உத்தராகண்டின் குமாவோன் மலைக்காரர்கள் இதில் செய்யும் 'பாங்க்' சட்னியைச் செய்து பார்த்தேன். பாங்க் என்பது அங்கே இந்தச் செடியின் பெயர். வெறும் சட்டியில் வறுத்தால் படபடவென்று வெடிக்கும். தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டினால் தோல் நின்றுவிடும். அதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் பல்லிடுக்கில் நாள் முழுக்க உறுத்தும். அந்தப் பாலில் பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சை. இட்லியோடு தொட்டதும் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். எள்ளும் முந்திரியும் கலந்த மாதிரி, ஆனால் இரண்டும் இல்லை. இத்தனை வருஷம் தேங்காயையே அரைத்துக்கொண்டிருந்தோமே என்றிருந்தது.

இருந்தும் கீழ்வீட்டுப் பெண்ணிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். 30 கிராமில் ஒன்பது கிராமுக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். வேர்க்கடலையில் சுமார் எட்டு இருக்கிறதே, விலையில் எங்கே நெருங்கும்? ஃப்ரீசரில் இடம் கேட்காது, வாடைக்காகச் சண்டையும் போட வேண்டாம்.

அவள் அதற்குள் வாங்கிவிட்டாள். நேற்றுப் பொட்டலம் வந்ததும் வெட்டி என் மூக்குக்கு நீட்டினாள். இளம்பச்சை மாறாமல், பச்சை முந்திரி வாசனை. எரிச்சலாக இருந்தது. எந்தக் கடை என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.