வால்சக்கர நடுக்கமும் பஞ்சிகாவத்தை லேத் பட்டறையும்

ரொறன்ரோவுக்கு அருகே என் அத்தான் தன் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில், தரையிறங்கி வேகம் குறையும் வேளையில் வாலின் அடியில் உள்ள சிறிய வால்சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென அடித்துக்கொண்டிருந்தது. ரயரை மாற்றியும் காற்றழுத்தத்தைச் சரிசெய்தும் பயனில்லாததால், சென்ற டிசெம்பரில் விடுமுறைக்குக் கொழும்பு வந்தபோது அந்தச் சக்கரத் தொகுதியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையில், மருதானைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருக்கும் சிறிய லேத் பட்டறைக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கே கிடைத்த சேவையைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

அச்சைச் சுற்றியிருக்கும் தேய்ந்த உலோக வளையமான புஷ்ஷைக் கழற்றிப் புதியது கடைந்து தரும்படி மட்டுமே நாங்கள் கேட்டோம். முதலாளி உடனே லேத்தை ஓட்டவில்லை. தொகுதியை வைஸில் இறுக்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டின் நுனியில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து மெல்ல அசைத்தபோது முள் 0.4 மில்லிமீற்றர் நகர்ந்தது. அதைக் குறித்துக்கொண்டு, "தம்பி, இது புஷ்ஷால மட்டும் வாற ஆட்டம் இல்லை. பிளேன் நிலத்தில நிக்கிற படம் இருக்கோ?" என்று கேட்டார். அத்தானின் கைபேசியில் பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கி, நிலக்கோட்டோடு மூலைமட்டத்தைப் பொருத்திப் பார்த்தபோது, சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சின் மேல்முனை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது எங்களுக்கும் தெரிந்தது.

வால்சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் நேராக ஓடுகிறது. வாலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் காலப்போக்கில் தளர்ந்து தட்டையாகும்போது அச்சின் மேல்முனை முன்னோக்கிச் சாய்கிறது; சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்துக்கும் அச்சுக்கோடு நிலத்தைச் சந்திக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது; அதனோடு புஷ்ஷின் தளர்வும் சேர்ந்தால், சிறு மேடு பட்டாலே நடுக்கம் தொடங்கி, ஒவ்வொரு அசைவிலும் பெருகுகிறது. புஷ்ஷை மட்டும் மாற்றியிருந்தால் சில வாரங்கள் அடங்கியிருந்து மறுபடி வந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

பொஸ்பர் வெண்கலத்தில் அவர் கடைந்த புஷ் விரலால் அழுத்தினால் இறங்கியது, ஆனால் ஆடவில்லை. சக்கரம் திரும்புவதற்குச் சற்றுத் தடை கொடுக்கும் உராய்வு நட்டையும், சக்கரம் தானாகத் திரும்பிவிடாமலும் கையால் தள்ளினால் தடையின்றித் திரும்பும்படியும் இறுக்கித் தந்தார். அளவுக்கு மீறி இறுக்கினால் நடுக்கம் அடங்கும், ஆனால் திருப்பம் மந்தமாகும். ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் இவ்வகை விமானத்தில், வால் விலகத் தொடங்கியபின் திருப்பம் தாமதித்தால் விமானம் தரையிலேயே சுழன்றுவிடக்கூடும். விமானத்தை இடம்வலம் திருப்பும் வால் சுக்கானிலிருந்து வால்சக்கரத்துக்கு வரும் சங்கிலி ஸ்பிரிங்குகளில் ஒன்றை மற்றதைவிடச் சற்று வலிமையானதாகப் போடவேண்டும் என்று அத்தான் ஏற்கனவே வாசித்திருந்தார். இரண்டும் ஒரே தாளத்தில் அதிராமல் இருக்க அது உதவும் என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

பட்டை ஸ்பிரிங்கை அவரிடமே வளைத்துத் தரக் கேட்க எண்ணினோம். லொறிக்கு என்றால் செய்வேன், பறக்கிற பொருளுக்குச் சரியான வெப்பப் பதப்படுத்தல் வேண்டும், அதற்கு என்னிடம் வசதியில்லை என்று அவர் மறுத்துவிட்டார். வரும் வேலையை இப்படி விட்டுக்கொடுக்கும் பட்டறையை நான் இதற்குமுன் கண்டதில்லை. ஸ்பிரிங்கை அத்தான் கனடாவிலேயே வளைவித்தார். ஏப்ரலில் ஓடியபோது நடுக்கம் முற்றாக நின்றுவிட்டதாக அறிவித்தார்.

குறையும் உண்டு. இரண்டு நாளில் என்றவர் ஐந்து நாள் எடுத்தார். பயணத் திகதி நெருங்கியதால் அத்தானுக்கு அது பெரிய தவிப்பாக இருந்தது. கூலி 9,500 ரூபாய். பற்றுச்சீட்டைக் கேட்டால்தான் எழுதித் தருகிறார். போகிறவர்கள் பழுதான பாகத்தோடு, அது வண்டியில் பொருந்தியிருக்கும் நிலையில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.